மெமரி சிப்புக்கு ஹீட்சிங்க் ஒட்டினால் ஓவர்க்ளாக் கூடுமா? கேள்வி பதில்

கிராபிக்ஸ் கார்டு ஓவர்க்ளாக் (நிர்ணயித்த வேகத்தைவிடக் கூட்டி ஓட்டுவது) பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்ததில் பாதிக்கு மேல் மெமரி ஹீட்சிங்க் (சிப்பின் சூட்டை வாங்கிக் காற்றில் விடும் உலோகத் துண்டு) பற்றித்தான். இந்த முறை அதை மட்டும் பார்த்துவிடுவோம்.

கே: அண்ணா, என்னுடையது பழைய ஜிடிடிஆர்5 (கிராபிக்ஸ் மெமரியில் ஒரு வகை) கார்டு. மெமரி சிப்கள் மேல் எதுவுமே இல்லை, மொட்டையாக இருக்கின்றன. சின்ன ஹீட்சிங்க் வாங்கி ஒட்டினால் மெமரி கிளாக் இன்னும் ஏறுமா?

ப: பெரும்பாலும் ஏறாது தம்பி. ஜிடிடிஆர்5 சிப் ஒன்று வெளியிடும் வெப்பம் ஒரு சில வாட்தான். அதிலும் ஒரு பங்கு அடியில் உள்ள சால்டர் உருண்டைகள் வழியாக போர்டுக்குள் இறங்கிவிடுகிறது. கூலர் ஃபேன் தள்ளும் காற்றும் சிப் மேல் பட்டுக்கொண்டேதான் இருக்கிறது. மெமரி ஒரு கட்டத்துக்கு மேல் ஏறாமல் நிற்பதற்குக் காரணம் சிப்பின் தரம், ஜிபியுவுக்குள் (கார்டின் முக்கிய சிப்) இருக்கும் மெமரி கண்ட்ரோலர், கிடைக்கும் வோல்டேஜ், போர்டில் சிக்னல் ஓடும் பாதை. இவற்றில் எதையும் ஹீட்சிங்க் மாற்றாது.

காசு போடுமுன் ஒன்று செய்து பாருங்கள். கேபினட்டின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி, ஒரு மேசை ஃபேனைக் கார்டைப் பார்த்து முழு வேகத்தில் வையுங்கள். அப்போதும் மெமரி அதே மெகாஹெர்ட்ஸில்தான் தடுமாறுகிறது என்றால், ஹீட்சிங்க் ஒட்டியும் பயனில்லை.

கே: பலன் இல்லாவிட்டால் போகிறது, ஒட்டி வைப்பதில் கெடுதல் ஒன்றும் இல்லையே?

ப: இருக்கிறது. சாதாரண டவர் கேபினட்டில் கார்டின் சிப் பக்கம் தரையைப் பார்த்துத்தான் இருக்கும். அதாவது நீங்கள் ஒட்டிய ஹீட்சிங்க் தலைகீழாகத் தொங்கும். சூட்டில் டேப்பின் பசை இளகி, ஒருநாள் அது கழன்று விழும். விழுவது மின்சாரம் கடத்தும் உலோகத் துண்டு. கீழே இன்னொரு கார்டோ மதர்போர்டின் முனைகளோ இருந்தால் ஷார்ட்தான். ஒட்டியே தீருவேன் என்பவர்கள் சிப்பின் மேல்பரப்பை ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்து, முழுக்கக் காய்ந்த பிறகு டேப்பை அழுத்தி ஒட்டுங்கள். தெர்மல் எபாக்ஸி (கல்லாக இறுகிவிடும் பசை) பக்கம் போகவே வேண்டாம். பின்னால் அதைப் பெயர்க்கும்போது சிப்பும் சேர்ந்து வந்துவிடலாம்.

கே: சார், ஆர்டிஎக்ஸ் 3090 கார்டு வைத்து ரெண்டரிங் செய்கிறேன். ஜிபியு 65 டிகிரிதான், ஆனால் மெமரி ஜங்ஷன் (மெமரி சிப்பின் உள்சூடு) 106 காட்டுகிறது. இதுவும் தேவையில்லாத பயமா?

ப: இல்லை, இது வேறு கதை. உங்கள் கார்டில் இருக்கும், 2020-இல் வந்த ஜிடிடிஆர்6எக்ஸ் மெமரி சிப்கள் நிஜமாகவே சூடானவை. 3090-இல் ஒரு ஜிபி சிப்கள் 24 இருக்கின்றன. அதில் 12 போர்டின் பின்பக்கம், முன்பக்க கூலர் தொடவே முடியாத இடத்தில். அவற்றுக்குக் கிடைப்பது ஒரு தெர்மல் பேடும் (வெப்பம் கடத்தும் மெத்தை) பேக்பிளேட்டும் (கார்டின் பின்பக்கத் தகடு) மட்டும்தான். மெமரி 110 டிகிரியை நெருங்கினால் கார்டு தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பிறகு வந்த 3090 டிஐயில் 2 ஜிபி சிப்களைப் போட்டு, பன்னிரண்டையும் முன்பக்கமே வைத்துவிட்டார்கள்.

உங்களுக்கு முதல் வேலை, பேக்பிளேட் மேல் துடுப்புள்ள அலுமினிய ஹீட்சிங்க் ஒன்றை வைத்து ஒரு ஃபேனைத் திருப்பிவிடுவது. கார்டைப் பிரிக்க வேண்டியதில்லை. அது போதாவிட்டால்தான் பேட் மாற்றுவது. அதில் கவனிக்க வேண்டியது தடிமன். 1.5 மில்லிமீட்டர் வேண்டிய இடத்தில் 2 மில்லிமீட்டர் கடினமான பேடைத் திணித்தால் கூலர் தூக்கிக்கொண்டு நிற்கும். மெமரி குளிரும், ஜிபியு கொதிக்கும். ஒருமுறை பூட்டி, கழற்றிப் பாருங்கள். பேடில் சிப்பின் நான்கு ஓரமும் சதுரமாகப் பதிந்திருக்க வேண்டும். பாதிதான் பதிந்திருந்தால் பேட் மெல்லிசு. இப்படி மெனக்கெடுவதால் புதிய உச்ச வேகம் கிடைக்கும் என்று எண்ணாதீர்கள். இப்போது இருக்கும் வேகம் மணிக்கணக்கில் வேலை ஓடினாலும் இறங்காமல் நிற்கும், அதுதான் லாபம்.

கே: மெமரியை எவ்வளவு ஏற்றினாலும் கார்டு கிராஷ் ஆகவில்லை, ஆனால் எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை படங்கள்) குறைகிறது. சூடுதான் காரணமா?

ப: சூடாகவும் இருக்கலாம், ஆனால் என் முதல் சந்தேகம் பிழை திருத்தத்தின் மேல். ஜிடிடிஆர்5 காலத்திலிருந்தே, அனுப்பிய தரவில் பிழை தெரிந்தால் மறுபடி அனுப்பச் சொல்லும் ஏற்பாடு உண்டு. அதனால் திரையில் புள்ளிகளோ கோடுகளோ தெரியாது; அனுப்பியதையே திரும்பத் திரும்ப அனுப்பி நேரம் போகும். 50 மெகாஹெர்ட்ஸாக ஏற்றி, ஒவ்வொரு முறையும் ஒரே பெஞ்ச்மார்க்கை ஓட்டி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். எண் ஏறாமல் நின்ற இடத்திலிருந்து இரண்டு படி இறங்கி விட்டுவிடுங்கள்.

கே: பழைய கூலரைக் கழற்றிவிட்டு ஜிபியுவுக்கு மட்டும் லிக்விட் கூலர் போடப்போகிறேன். மெமரிக்கு?

ப: உங்களுக்குக் கட்டாயம் ஹீட்சிங்க் வேண்டும். கூலர் போனதும் மெமரியைத் தொட்டிருந்த தகடும் போய்விட்டது, ஃபேன் காற்றும் போய்விட்டது. ஆனால் மெமரியைவிட முதலில் விஆர்எம்மை (கார்டுக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் பகுதி) கவனியுங்கள். அதிலுள்ள மாஸ்ஃபெட் சில்லுகள் 100 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும், அங்கே சின்னத் துண்டுகள் போதாது. நீளமான ஹீட்சிங்க், அதன் மேல் நேராக ஒரு ஃபேன். காற்று இல்லாத ஹீட்சிங்க் கொஞ்ச நேரத்தில் தானும் சூடாகி உட்கார்ந்துவிடும்.

கே: ஏஎம்டியின் வேகா கார்டுக்கு மெமரி ஹீட்சிங்க் வேண்டுமா?

ப: தேவையே இல்லை. அதிலுள்ள எச்பிஎம் வகை மெமரி ஜிபியுவோடு ஒரே பேக்கேஜில் இருக்கிறது, ஒரே கூலர் இரண்டையும் தொடுகிறது. தனியாக ஒட்ட இடமும் கிடையாது.

கே: கடைசியாக, செம்பா அலுமினியமா?

ப: இந்த அளவுக்கு இரண்டும் ஒன்றுதான், நடுவில் இருக்கும் டேப்தான் வெப்பத்தை மறிக்கிறது. செம்பின் எடை அலுமினியத்தைப் போல மூன்று மடங்குக்கும் மேல். தலைகீழாகத் தொங்கப்போகிற பொருள் என்பதால் அலுமினியமே வாங்குங்கள்.