28 நாள் க்யூப் குறைகிறது என்று அணை கான்கிரீட்டில் ஃப்ளை ஆஷை நிறுத்தலாமா?

நிறுத்தாதீர்கள். 30% ஃப்ளை ஆஷ் (அனல் மின் நிலையச் சாம்பல்) போட்ட கலவையின் 28 நாள் க்யூப் (சோதனைக்கு வார்த்து 28-ஆம் நாள் உடைக்கும் கட்டியின் பலம்) குறைவாக வருகிறது, 'சாம்பலை எடுத்துவிட்டு முழுக்க சிமெண்டே போடு' என்று மேலே இருப்பவர்கள் நெருக்குகிறார்கள், என்ன செய்ய என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டட வேலையிலிருந்து அணைக்கு வந்தவர் என்று நினைக்கிறேன். அணையில் சாம்பல் போடுவதைக் கலப்படம் என்று யாராவது சொன்னால் எனக்குப் பொறுக்காது. அதனால் நீளமாகவே எழுதுகிறேன்.

அணைக்கு முதல் எதிரி சூடு. பலம் அதற்குப் பிறகுதான். ஒரு கன மீட்டர் கான்கிரீட்டில் 100 கிலோ சிமெண்டுக்குத் தோராயமாக 10 முதல் 12 டிகிரி வெப்பம் ஏறும். 220 கிலோ போட்டால் 22 முதல் 26 டிகிரி. வீட்டுத் தளத்தில் அது இரண்டு நாளில் காற்றோடு போய்விடும். அணையின் நடு வயிற்றில் போக வழியில்லை. மாதக்கணக்கில், ஏன் வருடக்கணக்கில், மெல்லத்தான் ஆறும். ஆறும்போது சுருங்கும். 15 மீட்டர் அகல பிளாக் 20 டிகிரி ஆறினால் 3 மி.மீ. சுருங்கப் பார்க்கும், கீழே பாறை விடாது. விரிசல் அங்கிருந்துதான் கிளம்புகிறது. 220-இல் 66 கிலோவைச் சாம்பலாக மாற்றினால், சாம்பலின் சூடு சிமெண்டில் பாதி என்ற சைட் கணக்குப்படி 3, 4 டிகிரி குறையும், உச்சமும் தள்ளி வரும். 4 டிகிரிதானே என்று தோன்றலாம். அதே 4 டிகிரியை ஐஸ் போட்டுக் குறைக்க கன மீட்டருக்கு 20 கிலோவுக்கு மேல் ஐஸ் வேண்டும்.

இது புதிதாக முளைத்த சிக்கன யோசனையும் இல்லை. அமெரிக்காவில் மொன்டானாவின் ஹங்ரி ஹார்ஸ் அணை 1953-இல் முடிந்தது. ஒரு லட்சம் டன்னுக்கு மேல் ஃப்ளை ஆஷ் அதற்குள் இருக்கிறது. நம் நாட்டில் 1962-இல் முடிந்த ரிஹந்த் அணையிலும் போட்டார்கள். யூட்டாவின் அப்பர் ஸ்டில்வாட்டர் ரோலர் கான்கிரீட் (ரோலரால் அழுத்திக் கட்டும்) அணையில் கன மீட்டருக்கு சிமெண்ட் 79 கிலோ, சாம்பல் 173 கிலோ. 1895-இல் முடிந்த முல்லைப் பெரியாறு சுண்ணாம்பும் சுர்க்கியும் சேர்த்துக் கட்டியது. சுட்ட களிமண் தூளான சுர்க்கி செய்ததும் சாம்பல் செய்யும் இதே வேதிவினைதான், அது என்ன என்று கீழே சொல்கிறேன். (அந்த அணை பற்றிய வழக்கை இங்கே இழுக்காதீர்கள், நான் சொல்வது கலவையைப் பற்றி மட்டும்.)

சிமெண்ட் நீரோடு சேர்ந்து வினை புரியும்போது சுண்ணாம்பை வெளியே விடுகிறது. அந்தச் சுண்ணாம்பைப் பிடித்துக்கொண்டுதான் சாம்பலின் சிலிக்கா பலமாக மாறும். எனவே அது தாமதமாகத்தான் வரும். அதனால்தான் அணைகளுக்கு 90 நாள், 180 நாள், சில இடங்களில் ஒரு வருட பலத்தைக் கேட்கிறார்கள். உங்கள் ஒப்பந்தத்தில் எத்தனை நாள் என்று முதலில் பாருங்கள். 28 நாள் என்று இருந்தால், கட்டட டெண்டரிலிருந்து யாரோ அப்படியே நகலெடுத்திருக்க வாய்ப்பு அதிகம். 90 நாள் என்பது தப்பிக்கும் வழி என்று சிலர் சொல்வார்கள். இல்லை. இன்று போடும் லிஃப்ட் (ஒரு தடவையில் வார்க்கும் அடுக்கு) மேல் முழுத் தண்ணீர்ப் பாரம் வர எவ்வளவு காலம் ஆகும் என்று அவர்களே யோசிக்கட்டும்.

அதற்காக எல்லாக் குறைவையும் தாமதம் என்று விட்டுவிட முடியாது. நிஜமான தவறு பெரும்பாலும் இந்த இடங்களில்தான் இருக்கும்.

முதலில் சிமெண்ட் மூட்டையைப் பாருங்கள். அது பிபிசி (ஆலையிலேயே சாம்பல் கலந்த போர்ட்லேண்ட் பொசோலானா சிமெண்ட்) என்றால் அதற்குள்ளேயே 15 முதல் 35% சாம்பல் இருக்கிறது. அதன் மேல் நீங்கள் 30% போட்டால், மொத்தம் பாதியையும் தாண்டலாம்.

அடுத்தது எடைக்கு எடை மாற்றுவது. 66 கிலோ சிமெண்டின் கன அளவு 21 லிட்டர், 66 கிலோ சாம்பலுக்கு 30 லிட்டர். அந்த 9 லிட்டருக்கு ஈடாக மணலில் சுமார் 24 கிலோ குறைக்க வேண்டும். நல்ல சாம்பல் போட்டால் கலவை இளகும், தண்ணீரையும் குறைக்கலாம். பழைய தண்ணீர் அளவையே விட்டுவைத்து ஸ்லம்ப் (கலவையின் இளக்க அளவு) கூடியதைப் பார்த்து மகிழ்ந்தால் க்யூப் விழத்தான் செய்யும்.

மூன்றாவது சாம்பலேதான். மின் நிலையத்தில் இஎஸ்பியிலிருந்து (புகையிலுள்ள தூசை மின்சாரத்தால் பிடிக்கும் கருவி) உலர்வாக எடுத்ததுதான் வேண்டும். அதிலும் முதல் ஹாப்பரில் (அடியில் உள்ள சேகரிப்புத் தொட்டி) விழுவது பருமன், பின்னால் போகப் போக நைஸ். சாம்பல் கொட்டும் குளத்திலிருந்து அள்ளிய ஈரச் சாம்பல் கூடவே கூடாது. சாம்பலுக்கான இந்தியத் தர விதியான ஐஎஸ் 3812-படி 45 மைக்ரான் சல்லடையில் 34%-க்கு மேல் நிற்கக் கூடாது, எரியாத கரி முதலியவற்றின் எடை இழப்பு 5%-க்குள் இருக்க வேண்டும். ஒவ்வொரு பல்கரும் (சாம்பல் கொண்டுவரும் டேங்கர் லாரி) சைலோவில் (சேமிப்புக் கோபுரம்) இறக்கும் முன் ஒரு சல்லடைச் சோதனை போடுங்கள். கரி கூடினால் சாம்பல் கறுத்துத் தெரியும், காற்றேற்றும் ரசாயனத்தையும் உறிஞ்சிவிடும். இன்னொன்று: நெய்வேலி லிக்னைட் சாம்பலில் சுண்ணாம்பு அதிகம். மேட்டூர், தூத்துக்குடி நிலக்கரிச் சாம்பலுக்குப் போட்ட மிக்ஸ் டிசைனில் (கலவை விகிதக் கணக்கில்) அதை மாற்றிப் போட முடியாது.

நாலாவது, க்யூப் கிடக்கும் தொட்டி. 27 டிகிரி, இரண்டு கூடக் குறைய இருக்கலாம் என்பது விதி. மலை சைட்டில் திறந்த தொட்டித் தண்ணீர் 14 டிகிரிக்குப் போய்விடும்; சாதா சிமெண்டை விட சாம்பல் கலவை அந்தக் குளிரில் அதிகம் அடிபடும். தொட்டிக்குள் தெர்மாமீட்டர் தொங்குகிறதா? 150 மி.மீ. ஜல்லி போட்ட கலவை என்றால், 40 மி.மீ. சல்லடையில் ஈரமாகச் சலித்துத்தான் க்யூப் அச்சில் நிரப்ப வேண்டும். சிலர் கையால் பெரிய கல்லைப் பொறுக்கிப் போட்டுவிட்டு மிச்சத்தை நிரப்புகிறார்கள்.

இதை எழுதும்போது ஒரு ஆதங்கமும் வருகிறது. கோடிக்கணக்கில் பிளாண்ட் வாங்கும் சைட்டில் பரிசோதனைக் கூடம் மட்டும் தகரக் கொட்டகையாக இருக்கிறது. க்யூப் போடுகிற பையனுக்குத் தினக்கூலி, மாதா மாதம் ஆள் மாற்றம். அந்தக் கையிலிருந்து வரும் ஒரு எண்ணை வைத்துத்தான் அணையின் மிக்ஸையே மாற்றுகிறோம். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பேட்சிங்கில் (பொருட்களை அளந்து கலக்கும்போது) ஒரே ஹாப்பரில் எடை போட்டால் சிமெண்ட் முதலில், சாம்பல் பிறகு. காற்றேறிய சாம்பல் தண்ணீர் போல ஓடி, கேட் வழியே கூடுதலாக இறங்கிவிடும். தராசு மொத்த எடையைத்தான் காட்டும் என்பதால், வரிசை மாறினால் அந்தப் பிழை சிமெண்டைக் குறைத்துவிடும்.

லிஃப்ட் மேற்பரப்பை கிரீன் கட்டிங் (அடுத்த அடுக்கு ஒட்ட, முழுதாக இறுகும் முன் நீர் பீய்ச்சிச் சுரண்டுவது) செய்யும் நேரமும் தள்ளிப்போகும். பழைய மணிக்கணக்கில் பீய்ச்சினால் ஜல்லி அசைந்து பெயரும். ஓரத்தில் சின்னதாக அடித்துப் பாருங்கள்: மேலே உள்ள சிமெண்ட் பால் போய், ஜல்லி முகம் தெரிந்து, கல் அசையாமல் இருந்தால் சரியான நேரம். ஷட்டரிங் ஆங்கருக்கும் (அச்சுச் சட்டத்தைத் தாங்கக் கான்கிரீட்டில் பதிக்கும் கம்பி) இதே தாமதம் உண்டு. அடுத்த லிஃப்டுக்குச் சட்டம் ஏற்றும் முன் அந்த வயதில் ஒரு க்யூப் உடைத்துப் பாருங்கள். குளிர் மாதத்தில் வெளி முகத்துக்கு மட்டும் 20% சாம்பலில் தனி மிக்ஸ் வைத்துக்கொண்டு, நடுவில் 30%-ஐ விடாதீர்கள். கியூரிங் (ஈரமாக வைத்திருப்பது) 14 நாளுக்குக் குறையக் கூடாது.



மேலே இருப்பவர்களிடம் இப்போதைக்கு ஒன்று கேளுங்கள்: அதே பேட்சில் போட்ட க்யூப் எதையாவது 90 நாளுக்கு மீதம் வைத்திருக்கிறார்களா? எல்லாவற்றையும் 28-இல் உடைத்துவிட்டார்கள் என்றால், இன்றிலிருந்து ஒவ்வொரு பேட்சுக்கும் 7, 28, 56, 90 நாளுக்குத் தனித்தனிச் செட் போடுங்கள். பழைய லிஃப்டில் சந்தேகம் இருந்தால் 90 நாள் கடந்தபின் கோர் (துளைத்து எடுக்கும் கான்கிரீட் உருளை) எடுங்கள். அதுவரை மிக்ஸை மாற்ற எழுத்தில் உத்தரவு இல்லாமல் சிமெண்டைக் கூட்டாதீர்கள்.