பழுது பார்த்த நீர்மூழ்கி பம்பை இறக்குவதற்கு முன் கசிவைக் கண்டுபிடிப்பது எப்படி?

கேள்வி: கழிவுநீர்த் தொட்டியில் ஓடும் 3 எச்.பி., மூன்று ஃபேஸ் நீர்மூழ்கி பம்பு. தண்ணீர் புகுந்து காயில் எரிந்ததால் புதுக் காயில் கட்டி, பேரிங், மெக்கானிக்கல் சீல் எல்லாம் மாற்றினேன். சில வாரங்களிலேயே மறுபடியும் தண்ணீர் புகுந்துவிட்டது. இப்போது திரும்பவும் காயில் கட்டி வந்திருக்கிறது. கசிவு இல்லை என்பதை இந்த முறை முன்கூட்டியே எப்படி உறுதி செய்வது?

பதில்: சீலை மாற்றியும் தண்ணீர் புகுந்திருக்கிறது என்றால், அது வந்த வழி வேறாக இருக்கலாம். வார்ப்பில் விரிசலோ ஊசித்துளையோ இருப்பது அபூர்வம். பெரும்பாலும் மூன்று இடங்கள்தான்: சாஃப்ட் (சுழலும் தண்டு) வெளியே வரும் இடத்துச் சீல், கவர்கள் சேரும் இடத்து ஓ-ரிங் (ரப்பர் வளையம்), கேபிள் நுழையும் இடத்தை ரப்பரால் இறுக்கி அடைக்கும் கிளாண்ட். பலர் சீலை மட்டும் மாற்றிவிட்டு மற்ற இரண்டையும் பழையபடியே போட்டு முடுக்கிவிடுகிறார்கள். எந்த வழி என்று, உள்ளே காற்றை அழுத்தி அது எங்கே வெளியேறுகிறது என்று பார்க்கும் காற்றுச் சோதனை காட்டிக் கொடுத்துவிடும். ஆயில் ஊற்றுவதற்கு முன்பே அதைச் செய்துவிட வேண்டும்.

மூடுவதற்கு முன் 500 வோல்ட் மெகரால் (காப்பு எதிர்ப்பை அளக்கும் கருவி) காயிலுக்கும் பாடிக்கும் இடையே அளந்து எழுதி வையுங்கள். 1 மெகாஓம் என்பது கடைசி எல்லை. புதிதாகக் கட்டி, வார்னிஷ் நன்றாகக் காய்ந்த காயில் அதைவிடப் பல மடங்கு காட்ட வேண்டும். குறைவாக இருந்தால் ஈரம் இருக்கிறது. அப்படியே மூடினால் அந்த ஈரம் உள்ளேயே ஆவியாகிச் சுற்றிக்கொண்டிருக்கும். பிறகு கசிவே இல்லாத பம்பில் கசிவைத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

ஓ-ரிங் எல்லாமே புதிதாக இருக்கட்டும். பழையது நீண்ட நாள் அழுந்தித் தட்டையாகியிருக்கும். கையில் நன்றாகத் தெரிந்தாலும் மறுபடி அழுந்தாது. ரப்பர் கயிற்றை வெட்டிப் பசை போட்டு ஒட்டிய ரிங் வேண்டவே வேண்டாம். காடியில் ஒட்டியிருக்கும் பழைய பசை, துரு, மணல் போகத் துடைத்து, லேசாக கிரீஸ் தடவி, முறுக்கில்லாமல் உட்கார வையுங்கள். போல்ட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள்.

மெக்கானிக்கல் சீலின் தேய்முகங்களில் விரல் படக்கூடாது. பட்டுவிட்டால் ஆல்கஹாலில் நனைத்த, நூல் பிசிறு உதிராத துணியால் துடையுங்கள். சாஃப்டின் கீவே (சாவி உட்காரும் பள்ளம்) ஓரத்திலும் மரையிலும் பிசிறு இருந்தால் சீலின் ரப்பர் கிழியும். அந்த இடத்தில் மெல்லிய டேப் சுற்றிக்கொண்டு நுழைத்து, தாண்டியதும் டேப்பை எடுத்துவிடுங்கள். சீலின் நிலையான (சுழலாத) ரிங்கைச் சுத்தியால் தட்டாதீர்கள். கையாலோ பிளாஸ்டிக் குழாயாலோ நேராக அழுத்தினால் போதும். சாய்வாக உட்கார்ந்த ரிங்தான் சில நாள் நன்றாக ஓடிவிட்டுப் பிறகு கசியும்.

சரி, காற்றுச் சோதனை. மோட்டார் அறை, அதற்குக் கீழே மேல் சீலுக்கும் கீழ் சீலுக்கும் நடுவே ஆயில் நிற்கும் ஆயில் அறை, இரண்டையும் தனித்தனியாகச் செய்யுங்கள். உங்கள் பம்பின் கையேட்டில் அழுத்தம் குறிப்பிட்டிருந்தால் அதுதான் முடிவு. இல்லையென்றால் 0.5 பாரைத் தாண்ட வேண்டாம். அதுவே 5 மீட்டர் ஆழத் தண்ணீரின் அழுத்தம். கம்ப்ரஸர் காற்றை ரெகுலேட்டர் வழியாகத்தான் கொடுக்க வேண்டும், கேஜும் இருக்க வேண்டும். நேரடியாகக் கொடுத்தால் கவர் தெறித்து ஆளை அடிக்கும். வெல்டிங் ஆக்சிஜனை ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். எண்ணெய்ப் பசையோடு சேர்ந்தால் வெடிக்கும்.

முதலில் ஆயில் பிளக் வழியாக ஆயில் அறைக்குக் காற்று கொடுங்கள். கீழ் சீலை இம்பெல்லர்தான் (தண்ணீரைத் தள்ளும் சக்கரம்) அழுத்திப் பிடிக்கும் மாடல் என்றால் அதையும் மாட்டிவிட்டே செய்ய வேண்டும். மோட்டார் அறையின் சோதனைத் துளையைத் திறந்து, அதன் வாயில் சோப்புத் தண்ணீரால் ஒரு படலம் இழுத்து விடுங்கள். படலம் மெல்ல உப்பினால் மேல் சீல் விடுகிறது. கீழே சாஃப்டைச் சுற்றி நுரை கிளம்பினால் கீழ் சீல். சாஃப்டைக் கையால் மெதுவாகச் சுற்றிக்கொண்டே பாருங்கள். சில கசிவுகள் ஒரே ஒரு கோணத்தில்தான் தெரியும்.

அப்புறம் மோட்டார் அறை. காற்று கொடுத்ததும் கேஜ் முள் கொஞ்சம் இறங்கும். உள்ளே போன காற்று குளிர்வதால் அப்படி ஆவதுண்டு. சில நிமிடம் விட்டு, வால்வை மூடி, அதன்பின் பார்க்க வேண்டும். முள் அசையக்கூடாது. இந்தப் பக்கத்திலிருந்து தள்ளும்போது சில வடிவமைப்புகளில் மேல் சீல் திறந்து வழிவிடும். அதனால் அந்தச் சீலைப் பற்றி ஆயில் அறைச் சோதனை சொன்னதையே நம்புங்கள். கவர் சேர்க்கைகளிலும் கிளாண்டிலும் சோப்புத் தண்ணீர் தடவுங்கள், அல்லது பம்பைத் தொட்டியில் முழுக்குங்கள். போல்ட் குழிகளில் சிக்கிய காற்று நாலு குமிழியோடு நின்றுவிடும். நிற்காமல் ஒரே இடத்திலிருந்து வருவதுதான் கசிவு.

முள் இறங்குகிறது, குமிழி எங்கும் இல்லை என்றால் கேபிளின் மறுமுனையைத் தண்ணீரில் பிடித்துப் பாருங்கள். செம்புக் கம்பி இழைகளுக்கு நடுவே காற்று வந்து அங்கே குமிழியிடும். காற்று வரும் வழியில் தண்ணீரும் போகும். கேபிள் முனையோ ஜாயின்டோ தண்ணீரில் கிடந்தாலும், உறையில் கீறல் இருந்தாலும், இழைகள் வழியே ஊறி நேராக மோட்டாருக்குள் இறங்கிவிடும். உங்கள் விஷயத்தில் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். பம்பைக் கேபிளைப் பிடித்துத் தூக்கும் வழக்கம் இருந்தால் கிளாண்ட் ரப்பர் தளர்ந்திருக்கும். கேபிள் பருமனுக்குச் சரியான புது ரப்பர் போடுங்கள்.

கசிவில்லை என்று தெரிந்தபின் கையேட்டில் சொன்ன ஆயிலை, சொன்ன அளவு மட்டும் ஊற்றுங்கள். சூட்டில் ஆயில் விரியும், அதற்கு இடம் வேண்டும். நிரம்ப ஊற்றினால் அந்த அழுத்தம் சீலைத்தான் தள்ளும். பிறகு பம்பை மின் இணைப்பில்லாமல், கேபிள் முனை வெளியே இருக்க, ஓர் இரவு தண்ணீரில் போட்டுவிட்டு மறுபடி மெகர் வையுங்கள். எழுதி வைத்த அளவை விடப் பெரிதாக இறங்கியிருந்தால் இணைப்புக் கொடுக்காதீர்கள்.

இவை ஆயில் அறை உள்ள பம்புகளுக்கு மட்டும். உள்ளே தண்ணீர் நிரப்பி ஓட்டும் போர்வெல் மோட்டாருக்கு இந்தக் காற்றுச் சோதனை பொருந்தாது. அதில் சுத்தமான தண்ணீரைக் காற்றுக் குமிழி போக நிரப்புவதே முக்கியம்.

ஒரு வாரம் ஓடியதும் மின்சாரத்தைத் துண்டித்துப் பம்பைத் தூக்கி, ஆயிலைக் கொஞ்சம் எடுத்துப் பாருங்கள். பால் போல் வெளுத்திருந்தால் கீழ் சீல் வழியாகத் தண்ணீர் வருகிறது. மேல் சீல் தாங்கிக்கொண்டிருக்கும் வரைதான் காயில் தப்பும். அதற்குள் கீழ் சீலை மாற்றிவிட்டால் மூன்றாவது முறை காயில் கட்ட வேண்டியிருக்காது.