பரிசு வாங்கிய கையைக் கட்டிப் போடாதீர்கள்

அன்புள்ள ஐயாவுக்கும் அம்மாவுக்கும்,

அடுத்து என்ன படிக்க வைப்பது என்று கேட்டு நீங்கள் என்னிடம் பேசிய உங்கள் மகன், தம்பி, பத்தாம் வகுப்பில் 500-க்கு 386 எடுத்திருக்கிறான். அரசு ஆண்கள் மேல்நிலைப் பள்ளியில், டியூஷன் இல்லாமல், பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாமல் எடுத்த மார்க். "பையன் பின்தங்கிட்டானா?" என்று அம்மா திரும்பத் திரும்பக் கேட்டார்கள். பின்தங்கவில்லை. அந்தக் கவலையை இன்றோடு விட்டுவிடுங்கள்.

ஆறுதலாகச் சொல்ல இவ்வளவுதான் இருக்கிறது. மீதியெல்லாம் நீங்கள் எடுக்கப்போகும் முடிவை எதிர்த்துத்தான் எழுதுகிறேன்.

நாமக்கல் பக்கம் ஒரு விடுதிப் பள்ளி, பயோ-மேத்ஸ் குரூப், கூடவே நீட் பயிற்சி, இரண்டு வருடத்துக்கு நாலு லட்சம் ரூபாய். அதில் பாதிக்கு அம்மாவின் நகையை அடகு வைப்பது, மீதியைத் தெரிந்தவரிடம் வட்டிக்கு வாங்குவது. இது ஐயாவின் மைத்துனர் போட்டுக் கொடுத்த திட்டம். அக்காள் மகன் மேல் இருக்கும் பாசத்தில் சொல்கிறார், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் கணக்கு தப்பு.

தமிழ்நாட்டில் 2020-இல் மருத்துவப் படிப்புக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு அது. 2021-இல் பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளுக்கும் கொண்டுவந்தார்கள். அந்த ஒதுக்கீட்டில் சேரும் மாணவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. தம்பியை இப்போது தனியார் பள்ளிக்கு மாற்றினால் அந்தச் சலுகை போய்விடும். நாலு லட்சம் செலவழித்து, கையில் இருப்பதையும் இழந்துவிட்டு, பொதுப் போட்டியில் கொண்டுபோய் நிறுத்தப் போகிறீர்கள். 2025-இல் நீட் எழுதியவர்கள் சுமார் 22 லட்சம் பேர். முதல் தடவை கிடைக்காமல் ரிப்பீட்டர் வகுப்புக்கு இன்னொரு வருடம், இன்னொரு கடன் என்று போன குடும்பங்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். மருத்துவம்தான் வேண்டும் என்று தம்பியே பிடிவாதமாக நின்றாலும், இருக்கிற அரசுப் பள்ளியிலேயே பிளஸ் டூ முடிக்கச் சொல்லித்தான் நான் எழுதுவேன். இந்தப் பத்தியை மட்டும் மைத்துனரிடம் அப்படியே படித்துக் காட்டுங்கள்.

ஆனால் தம்பி அப்படி நிற்கவே இல்லையே. "உயிரியல் பிடிக்குமா?" என்று அவனைக் கேட்டேன். மாமாதான் பதில் சொன்னார். தம்பி வாய் திறந்தது, அவன் செய்த கருவியைப் பற்றிக் கேட்டபோதுதான். அதன்பிறகு அவனை நிறுத்த முடியவில்லை.

முருங்கைக்கீரை உருவும் கருவி. வேலை முடிந்து வந்து அம்மா ஒவ்வொரு ஈர்க்காக உருவிக்கொண்டிருப்பதைப் பார்த்து யோசித்தது. ஒரு தட்டில் வெவ்வேறு அளவில் துளைகள். ஈர்க்கை அடிப்பக்கமாக உள்ளே விட்டு இழுத்தால் இலை இந்தப் பக்கம் கொட்டிவிடும், காம்பு அந்தப் பக்கம் வந்துவிடும். பள்ளி மாணவர்களின் புதிய யோசனைகளுக்கு மத்திய அரசு தரும் இன்ஸ்பயர் மானக் விருதுக்குத் தேர்வாகி 10,000 ரூபாய் வந்ததும், மாவட்டக் கண்காட்சியில் பரிசு வாங்கி மாநில அளவுக்குப் போனதும் இதற்குத்தான். நீங்கள் மூவரும் கேடயத்தை எடுத்து மேசை மேல் வைத்தீர்கள். நான் எடுத்துப் பார்த்தது அவன் பையில் இருந்த நாற்பது பக்க நோட்டு.

பள்ளியில் இருக்கும் அடல் ஆய்வகத்தின் 3டி பிரிண்டரில், அதாவது பிளாஸ்டிக்கை உருக்கி அடுக்கடுக்காகப் படியவைத்துப் பொருள் செய்யும் மெஷினில், முதல் தட்டை அடித்திருக்கிறான். கணினியில் 6 மில்லிமீட்டர் என்று வரைந்த துளை, வெளியே வந்ததும் வெர்னியர் அளவுகோலில் 5.7 காட்டியிருக்கிறது. ஈர்க்கு சிக்கிக்கொண்டு அறுந்துவிட்டது. மெஷின் கோளாறு என்று விட்டுவிடாமல் எல்லாத் துளைகளையும் அளந்திருக்கிறான். எல்லாமே சின்னதாகத்தான் வந்திருக்கின்றன. உருகிய பிளாஸ்டிக் ஆறும்போது சுருங்குகிறது, வளைவில் உள்பக்கமாக இழுத்துக்கொள்கிறது என்று ஆசிரியரிடம் கேட்டு எழுதி வைத்திருக்கிறான். அடுத்த தட்டில் 6.3 என்று வரைந்திருக்கிறான். துளை சரியாக வந்தது, ஆனால் இழுத்த வேகத்தில் தட்டு விரிசல் விட்டது. நிற்க வைத்து அடித்ததைப் படுக்க வைத்து அடித்துப் பார்த்திருக்கிறான். விரிசல் நின்றுவிட்டது. ஒவ்வொன்றுக்கும் தேதி, அளவு, என்ன ஆச்சு, அடுத்து என்ன மாற்றணும் என்று நாலு கட்டம் போட்டு எழுதியிருக்கிறான். யாரும் சொல்லிக்கொடுத்து எழுதியதில்லை அது.

அந்த ஆய்வகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அடல் டிங்கரிங் ஆய்வகத் திட்டத்தை 2016-இல் மத்திய அரசின் நிதி ஆயோக் அமைப்பு தொடங்கியது. தேர்வாகும் பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை மானியம். பல பள்ளிகளில் பிரிண்டரை உறை போட்டு மூடிப் பூட்டி வைத்திருப்பார்கள், உடைந்தால் யார் பதில் சொல்வது என்ற பயம். தம்பியின் அறிவியல் ஆசிரியர் மாலையிலும் கதவைத் திறந்து வைத்து, பையன்கள் கெடுத்தாலும் பரவாயில்லை என்று விட்டிருக்கிறார். அவரைப் போய்ப் பார்த்து நன்றி சொல்லுங்கள். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரைக்குமான ஆய்வகம் அது. ஆனால் பிளஸ் ஒன் வந்ததுமே "இனி இதெல்லாம் போதும், உட்கார்ந்து படி" என்று வீடும் பள்ளியும் சேர்ந்து பையனை வெளியே இழுத்துவிடுகின்றன. கையில் வேலை படிய ஆரம்பிக்கிற வயதில் அதை நிறுத்துவது எனக்குக் கோபம் வரவைக்கிற விஷயம்.

சரி, அப்புறம் என்னதான் படிக்க வைப்பது? கம்ப்யூட்டர் சயின்ஸ், பி.காம்., அக்ரி பற்றியெல்லாம் நான் எழுதப் போவதில்லை. அவற்றைச் சொல்ல ஊரே இருக்கிறது. யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன்: பிளாஸ்டிக் மோல்டு டெக்னாலஜி டிப்ளமா. பத்தாம் வகுப்பு முடித்ததும் சேரலாம், மூன்று வருடம். சென்னை கிண்டியில், பிளாஸ்டிக் தொழில்நுட்பம் சொல்லித்தரும் சிபெட் (CIPET) நிறுவனத்தில் இது இருக்கிறது. 1968-இல் தொடங்கிய மத்திய அரசு நிறுவனம், ரசாயனம் மற்றும் உரத்துறை அமைச்சகத்தின் கீழ் வருகிறது. மதுரையிலும் ஒரு மையம் உண்டு. சேர்வதற்கு நுழைவுத் தேர்வு எழுத வேண்டும்.

மோல்டு என்றால் என்னவென்று தெரிய, வீட்டில் இருக்கும் பிளாஸ்டிக் ஸ்டூலைக் கவிழ்த்துப் பாருங்கள். நடுவில் சின்னதாகக் கிள்ளி எடுத்த மாதிரி ஒரு புள்ளி இருக்கும். உருகிய பிளாஸ்டிக் உள்ளே நுழைந்த இடம் அது. ஓரத்தில் மெல்லிய கோடு ஓடும். மோல்டின் இரண்டு பாதிகளும் சேர்ந்த இடம். உள்பக்கம் அங்கங்கே காசு மாதிரி வட்டத் தடங்கள் இருந்தால், ஆறிய ஸ்டூலை வெளியே தள்ளிய பின்கள் நின்ற இடம். கொழுக்கட்டை அச்சு போல இரண்டு பாதி. ஒன்றை கோர் என்பார்கள், இன்னொன்றை கேவிட்டி. இரண்டையும் பல டன் விசையில் அழுத்திப் பூட்டி, 200 டிகிரிக்கு மேல் சூடான பிளாஸ்டிக்கை உள்ளே செலுத்துவார்கள். உள்ளே ஓடும் தண்ணீர்க் குழாய்கள் அதைக் குளிர வைக்கும். பாட்டில் மூடி, சுவிட்ச் பெட்டி, ஊசி மருந்து சிரிஞ்சு, கார் டேஷ்போர்டு எல்லாவற்றுக்கும் பின்னால் இப்படி ஓர் எஃகு அச்சு இருக்கிறது. அதை யாரோ ஒருவர் வரைந்து, வெட்டி, தேய்த்து, பொருத்தியிருக்கிறார்.

இந்த வேலையின் உயிர் எங்கே இருக்கிறது என்றால், தம்பியின் நோட்டில் இருந்த அதே இடத்தில்தான். பாலிபுரொப்பிலின் என்ற பிளாஸ்டிக் ஆறும்போது ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு சதவீதம் சுருங்கும். 100 மில்லிமீட்டர் மூடி வேண்டுமென்றால் எஃகில் அதைவிட ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர் கூடுதலாக வெட்ட வேண்டும். ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் என்றால் அரை சதவீதத்தை ஒட்டி நிற்கும். பொருள் மாறினால் கணக்கு மாறும், சுவரின் தடிமன் மாறினால் கணக்கு மாறும். எஃகை அதிகமாக வெட்டிவிட்டால் திரும்ப ஒட்டவைப்பது பெரும்பாடு. அதனால் முதலில் கொஞ்சம் எஃகை விட்டுவைத்து, ஒரு தடவை பொருளை அடித்துப் பார்த்து, அளந்து, மறுபடி எடுப்பார்கள்.

கணினி சொல்கிறபடி வெட்டும் சி.என்.சி. மெஷினில் வெட்டுவது ஒரு பாதி. கட்டர் நுழைய முடியாத கூர்மையான மூலைகளை ஈ.டி.எம். மெஷினில், எண்ணெய்க்குள் மின்பொறி விட்டு அரிப்பார்கள். தலைமுடி போன்ற பித்தளைக் கம்பியை ஓடவிட்டு எஃகை அறுக்கும் ஒயர் கட் மெஷின் வேறு. இவ்வளவும் முடிந்து, கடைசியில் வேலை கைக்குத்தான் வருகிறது. ஒரு பாதியில் நீல மசியை மெல்லியதாகத் தடவி இரண்டையும் மூடிப் பார்ப்பார்கள். மசி ஒட்டுகிற இடமெல்லாம் மேடு. அந்த மேட்டை மட்டும் தேய்த்து, மறுபடி மசி, மறுபடி மூடி, இப்படியே போகும். பொறுமை இல்லாதவனுக்கு இது தண்டனை. தம்பிக்கு இது விளையாட்டாக இருக்கும் என்று அந்த நோட்டைப் பார்த்த யாரும் சொல்வார்கள்.

கஷ்டத்தையும் சொல்லிவிடுகிறேன். நின்றுகொண்டு செய்யும் வேலை, ஷிஃப்ட் உண்டு, சட்டையில் எண்ணெய் வாடை போகாது. ஆரம்பச் சம்பளத்தைப் பார்த்தால் உறவினர்கள் உதட்டைப் பிதுக்குவார்கள். கை தேறத் தேறத்தான் சம்பளம் ஏறும். பாடம் ஆங்கிலத்தில். தமிழ் மீடியத்திலிருந்து போகும் தம்பிக்கு முதல் செமஸ்டர் மூச்சு முட்டும். கணக்கும் வரைபடமும் கைகொடுக்கும் வரை தாங்க வேண்டும். அப்புறம், டிப்ளமாவுக்குப் போனால் மருத்துவ வழி மூடிவிடும், அதையும் மறைக்கவில்லை. மூடுகிற கதவு அவன் தட்டாத கதவு.

"டிப்ளமா படிச்சவனுக்கு என்ன மரியாதை?" என்று மைத்துனர் கேட்டார். மூன்று வருடம் முடித்தவன் பி.இ. இரண்டாம் வருடத்தில் நேரடியாகச் சேரலாம். வேலை பார்த்துக்கொண்டே பகுதி நேர பி.இ. படிக்க கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி போன்ற இடங்கள் இருக்கின்றன. பதினெட்டு, பத்தொன்பது வயதில் கையில் வேலையோடு அந்த முடிவை எடுக்கலாம். போட்டி வேண்டும் என்றால், பல நாட்டு இளைஞர்கள் தொழில்திறனில் மோதும் உலகத் திறன் போட்டி (வேர்ல்ட்ஸ்கில்ஸ்) இருக்கிறது. பெரும்பாலான பிரிவுகளில் வயது வரம்பு 22. 2024-இல் பிரான்சின் லியோன் நகரத்தில் இந்தியா நாலு வெண்கலம் வாங்கியது. சி.என்.சி. மில்லிங், கணினியில் இயந்திரப் பாகங்களை வரையும் மெக்கானிக்கல் கேட் (CAD) எல்லாம் அங்கே போட்டிப் பிரிவுகள். கேடயம் வாங்கிய பையனுக்கு அடுத்த கேடயம் இங்கேயும் இருக்கிறது.

செலவு விஷயத்தில் நான் வளைந்து கொடுக்க மாட்டேன். நீங்கள் இருக்கும் ஆவடியிலிருந்து சென்ட்ரல் வந்து, பார்க்கில் ரயில் மாறினால் கிண்டி. விடுதி வேண்டாம், வீட்டுச் சோறு. செமஸ்டர் கட்டணத்தை நிறுவனத்தின் இணையதளத்தில் பாருங்கள், புரோக்கர் யார் சொல்லும் தொகையையும் நம்பாதீர்கள். நுழைவுத் தேர்வில் இடம் கிடைக்கவில்லை என்றால், அல்லது அந்தக் கட்டணமே பாரம் என்றால், அரசு ஐ.டி.ஐ.யில் கருவியும் அச்சும் செய்யக் கற்றுத்தரும் டூல் அண்ட் டை மேக்கர் என்று இரண்டு வருடப் பிரிவு இருக்கிறது; அதில் மோல்டுக்கென்றே தனி வகை உண்டு. அதை முடித்தால் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் வருடம் சேரலாம். அரசுப் பள்ளியில் படித்து அரசு ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் போகும் பையன்களுக்கு 2024 ஆகஸ்ட் முதல் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. இதில் எந்த வழிக்கும் அம்மாவின் நகை வெளியே போக வேண்டியதில்லை. அது வீட்டிலேயே இருக்கட்டும். வட்டிக்கு வாங்கி மைனர் பையனின் தலையில் எதிர்பார்ப்பை ஏற்றாதீர்கள். "உனக்காக நகையை வெச்சோம்" என்ற வார்த்தையைப் பதினாறு வயதில் கேட்கும் பையன், பிடிக்கவில்லை என்று சொல்லும் தைரியத்தையே இழந்துவிடுவான்.

முடிவெடுக்கும் முன் ஒன்று செய்யுங்கள். ஐயா ஒருநாள் ஆட்டோவை நிறுத்திவிட்டு, தம்பியை அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குக் கூட்டிப் போங்கள். அங்கே அச்சு செய்யும் பட்டறைகள், சின்னச் சின்ன டூல் ரூம்கள் இருக்கின்றன. முதலாளியிடம் "பையன் கொஞ்ச நேரம் பார்க்கட்டுங்களா" என்று கேளுங்கள், பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். மைத்துனரையும் அழைத்துப் போங்கள். சத்தத்தையும் எண்ணெயையும் பார்த்து தம்பி முகம் சுளித்தால் நான் சொன்னதை அவன் தாராளமாக ஒதுக்கலாம். அப்போதும் நாமக்கல் வேண்டாம். இதே பள்ளியில் அவன் கேட்கிற குரூப்பில் பிளஸ் ஒன் சேருங்கள்.

சிபெட் விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி என்னவென்று இன்றே பாருங்கள், மே, ஜூன் மாதங்களில் நாள் வேகமாக ஓடிவிடும். மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ், ஆதார், வங்கிப் புத்தகம் நாலையும் நகல் எடுத்து வையுங்கள். வருமானச் சான்றிதழ் பழையதாக இருந்தால் இ-சேவை மையத்தில் புதிதாக விண்ணப்பியுங்கள். பள்ளியில் டி.சி.யை மட்டும் அவசரப்பட்டு வாங்கிவிடாதீர்கள். வேறு இடம் உறுதியான பிறகு வாங்கினால் போதும். அதுவரை பிளஸ் ஒன் இடம் அவன் பெயரில் இருக்கட்டும்.