பயிற்சிக்காக வளையலை அடகு வைக்கலாமா?

கேள்வி: நான் குறிஞ்சிப்பாடி ஒன்றியத்தில் ஒரு கிராமத்தைச் சேர்ந்தவள். பிளஸ் டூ முடித்திருக்கிறேன். மகளிர் சுயஉதவிக் குழுவில் உறுப்பினர். மூன்று மாதம் ‘கிராம சுகாதாரப் பணியாளர்’ பயிற்சி, முடித்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை நிச்சயம் என்று சொல்லி, கடலூரில் ஒருவர் 22,000 ரூபாய் கேட்கிறார். வளையலை அடகு வைத்துச் சேரலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. வளையல் கையிலேயே இருக்கட்டும்.

வீடு வீடாகச் சென்று இரத்த அழுத்தம், சர்க்கரை பார்க்கும் பெண்களுக்கு அரசு தரும் பயிற்சிக்குக் கட்டணமே கிடையாது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் தன்னார்வலர்களை உங்களைப் போன்ற சுயஉதவிக் குழுப் பெண்களிலிருந்துதான் எடுத்தார்கள். முதலில் ஆளைத் தேர்ந்தெடுப்பார்கள், பிறகுதான் பயிற்சி. இந்த வரிசையைத் தலைகீழாக்கி, முதலில் பணம், அப்புறம் பயிற்சி, கடைசியில் வேலை என்று சொல்பவர் தரகர். வேறு யாருமில்லை.

சுவரில் மாட்டியிருக்கும் ‘அரசு பதிவு பெற்றது’ என்ற பலகையைப் பார்த்து ஏமாறாதீர்கள். பெரும்பாலும் அது அறக்கட்டளை பதிவு எண்ணாக இருக்கும். ஊர்க்கோயில் திருப்பணிக்கு வைக்கும் அறக்கட்டளைக்கும் அதே போன்ற பதிவுதான். மருத்துவம் சொல்லித்தர அது அனுமதி ஆகாது.

இப்படிப்பட்ட ஓரிடத்தில் ஆறு மாதம் படித்துவிட்டு, நான் நடத்தும் பயிற்சி வகுப்புக்கு வந்தார் பண்ருட்டிப் பக்கத்துப் பெண் ஒருவர். சங்கிலி அடகுக் கடையில், லேமினேட் செய்த சான்றிதழ் கையில். முந்திரி உடைத்துக்கொண்டிருந்த பாட்டி ஒருவருக்கு இரத்த அழுத்தம் பார்க்கச் சொன்னேன். எழுந்து வந்தவரை நிற்க வைத்தே, ரவிக்கைக் கையின் மேல் பட்டையைச் சுற்றி, பேச்சுக் கொடுத்துக்கொண்டே அளந்தார். 160 காட்டியது. பாட்டியை நாற்காலியில் சாய்ந்து உட்கார வைத்தோம். பாதம் இரண்டும் தரையில், கை நெஞ்சு உயரத்தில், ஐந்து நிமிடம் பேச்சில்லை. துணியை விலக்கி, தோலின் மேல் பட்டையைச் சுற்றி அளந்தால் 134. ஆறு மாதத்தில் இதை யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. அழுதுவிட்டார்.

கட்டணம் வாங்கும் முறையான படிப்பு ஒன்று உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் தரகர் அதையே காட்டி உங்களை மடக்குவார். துணை செவிலியர் படிப்பு, அதாவது ஏ.என்.எம். அது இரண்டு ஆண்டு. மூன்று மாதமோ ஆறு மாதமோ அல்ல, இரண்டு ஆண்டு. பள்ளிக்கு இந்திய நர்சிங் கவுன்சில் விதிப்படி அங்கீகாரம் வேண்டும். படித்து முடித்தவர் மாநில நர்சிங் கவுன்சிலில் பதிந்துகொள்ள வேண்டும். அப்படிப் படித்தவருக்கும் வேலை தானாக வந்துவிடாது. அரசுப் பணி என்றால் அறிவிப்பு வரும், விண்ணப்பிக்க வேண்டும். பள்ளி நடத்துபவர் பணியாணை தர முடியாது. “எங்களுடையதும் ஏ.என்.எம். மாதிரிதான்” என்றால், அந்த ‘மாதிரி’ என்ற சொல்லிலேயே எழுந்து வந்துவிடுங்கள்.

தரகர் மேல் மட்டும் எனக்குக் கோபம் இல்லை. ஆள் எடுக்கிறோம் என்று ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒரு தாள் ஒட்ட எவ்வளவு நேரம் ஆகும்? தெரிந்தவர்களுக்குள்ளேயே முடித்துக்கொள்வதால்தான் 22,000 கேட்பவர் உங்கள் வாசலுக்கு வருகிறார். எடுத்த பெண்களுக்கும் சில நாள் வகுப்பு, ஒரு பை, அதோடு சரி. எத்தனை பேரைப் பார்த்தீர்கள் என்று கணக்குக் கேட்பதில் இருக்கும் அவசரம் மறுபயிற்சி தருவதில் இல்லை.

அடுத்த குழுக் கூட்டத்தில் உங்கள் பெயரை சுயஉதவிக் குழுக்களின் ஊராட்சி அளவிலான கூட்டமைப்புக்கு எழுதிக் கொடுங்கள். காலியிடம் எப்போது வரும் என்று கிராம சுகாதார செவிலியரிடமும் மாவட்ட மகளிர் திட்ட அலுவலகத்திலும் கேளுங்கள். ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கிராம சபைகளில், இனி அறிவிப்பைச் சுவரில் ஒட்ட வேண்டும் என்று தீர்மானம் எழுதச் சொல்லுங்கள். அந்த ஆளிடம் முன்பணம் ஏதும் கொடுத்திருந்தால், ரசீதோடு காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, புகார் ஏற்புச் சீட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.