வாஷிங்டன் பிரஸ் கிளப்பில் என்ன நடக்கிறது? மூத்த உறுப்பினர் ஒருவரின் பதில்கள்

அமெரிக்கத் தலைநகரில் உள்ள நேஷனல் பிரஸ் கிளப் பற்றியும் அங்கு நடைபெறும் நிகழ்ச்சிகள் பற்றியும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, அம்மன்றத்தின் நீண்டகால உறுப்பினரான மூத்த செய்தியாளர் ஒருவர் இங்கே விடையளிக்கிறார்.

சென்னையிலிருந்து ஒரு வாசகர்: ஐயா, இந்த மன்றம் தொழிற்சங்கமா, அரசு அங்கீகாரம் பெற்றுத்தரும் அமைப்பா, வெறும் கேளிக்கை மன்றமா?

மூன்றில் கடைசியாகச் சொன்னதுதான் உண்மைக்கு நெருக்கமானது. "வெறும்" என்ற சொல்லை மட்டும் எடுத்துவிடுங்கள். இம்மன்றம் சம்பளப் பேச்சுவார்த்தை நடத்துவதில்லை; வெள்ளை மாளிகைக்கு நுழைவு அட்டையும் தருவதில்லை. 1908ஆம் ஆண்டு மார்ச் மாதம் 32 செய்தியாளர்கள் கூடி இதைத் தொடங்கினார்கள். நண்பர்கள் எல்லாரையும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் பார்க்க முடியவில்லையே என்று ஒரு நிருபருக்கு ஏற்பட்ட அலுப்புதான் இதற்கு வித்திட்டது. விதிமுறைகளில் உறுப்பினர்களின் நட்பும் மகிழ்ச்சியும் முதலில் இடம்பெற்றன. நலிந்த உறுப்பினருக்கு உதவுவதும் தொழில் அறத்தைப் பேணுவதும் கூடவே சேர்க்கப்பட்டன. எஃப் தெருவில் ஒரு கட்டடத்தின் இரண்டாம் தளத்தில் தொடங்கியவர்கள், 1927ஆம் ஆண்டு முதல் 14ஆம் தெருவில் தாங்களே முன்நின்று எழுப்பிய நேஷனல் பிரஸ் கட்டடத்தின் 13ஆம் தளத்தில் இருக்கிறார்கள்.

டொராண்டோவிலிருந்து ஒருவர்: "வாஷிங்டன் நேஷனல் பிரஸ் கிளப்பில் உரையாற்றினார்" என்று எங்கள் ஊர்ப் பிரமுகர்களைப் பற்றி அவ்வப்போது செய்தி வருகிறது. அது அவ்வளவு பெரிய கௌரவமா?

இந்தக் கேள்வியை எவராவது கேட்க வேண்டும் என்று நெடுநாளாகக் காத்திருந்தேன். பிரஸ் கிளப்பில் பேசுவது வேறு. பிரஸ் கிளப் அழைத்துப் பேசுவது வேறு. அங்குள்ள அரங்குகளையும் அறைகளையும் வெளியார் எவரும் கட்டணம் செலுத்தி எடுத்துக்கொள்ளலாம், நம் ஊரில் கல்யாண மண்டபம் பிடிப்பதைப் போலத்தான். ஜெங்கர் அறை, மர்ரோ அறை என்று இதழியல் வரலாற்றுப் பெயர்களைச் சூட்டியிருப்பதால் அழைப்பிதழில் அச்சிட்டால் எடுப்பாகவே இருக்கும். 2001ஆம் ஆண்டு மே 9ஆம் நாள், வேற்றுக்கிரகவாசிகளைப் பற்றிய உண்மைகளை அமெரிக்க அரசு மறைக்கிறது என்று கூறும் ஓர் இயக்கத்தார் அங்கே செய்தியாளர் சந்திப்பு நடத்தினார்கள். இடம் பிரஸ் கிளப் என்பதனாலேயே அவர்கள் கூற்றுக்கு மன்றம் சான்று வழங்கிவிட்டதாக இன்றும் பலர் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். மன்றம் அளித்தது இடத்தை மட்டுமே.

ஆகவே, அப்படிப்பட்ட செய்தி கையில் வந்தால், அழைப்பை அனுப்பியவர் யார், மேடையில் நெறியாளராக நின்றவர் மன்றத்தின் தலைவரோ பொறுப்பாளரோதானா, மன்றம் தன் பெயரில் வெளியிட்ட நிகழ்ச்சி நிரலில் அது இருந்ததா என்ற மூன்றையும் பாருங்கள். பின்னணித் திரையில் மன்றத்தின் பெயர் தெரிகிறது என்பது போதாது. வாடகைக்கு எடுத்துப் பேசுவதில் குற்றமொன்றும் இல்லை. வலுவான அறிக்கைகள் பல அப்படித்தான் வெளிவந்திருக்கின்றன. வாடகையை அழைப்பு என்று எழுதுவதில்தான் பிழை இருக்கிறது. அந்தப் பிழையைச் செய்வோரில் பாதிப் பேர் செய்தியாளர்கள் என்பதுதான் எனக்கு வருத்தம்.

மதுரையிலிருந்து ஓர் இதழியல் மாணவி: புகழ்பெற்ற மதிய விருந்து உரைகள் எப்படி நடக்கும்? கேள்வி கேட்க வாய்ப்பு கிடைக்குமா?

1932ஆம் ஆண்டு முதல் வரும் மரபு இது. குருஷேவ், தெகோல், இந்திரா காந்தி, மண்டேலா என்று பேசியவர்களின் வரிசை நீளமானது. 1962ஆம் ஆண்டு ஜூலை மாதம் மார்ட்டின் லூதர் கிங் பேசினார். அந்த விருந்து மேடையில் பேசிய முதல் கறுப்பினத்தவர் அவரே. வழக்கமான அமைப்பில், பன்னிரண்டரை மணிக்கு உணவு, ஒரு மணிக்கு உரை, இரண்டு மணிக்கு எழுந்துவிட வேண்டும்.

தலைவர் கூட்டத்தைத் தொடங்கும்போது சொல்லும் ஒரு வாக்கியம் எனக்கு மிகவும் பிடிக்கும். அவையில் கைதட்டல் கேட்டால், பொதுமக்களும் வந்திருக்கிறார்கள் என்று கொள்ள வேண்டும். செய்தியாளர்கள் நடுநிலை தவறிவிட்டார்கள் என்று எண்ணிவிடக் கூடாது என்பதே அதன் கருத்து. தொலைக்காட்சியில் பார்ப்பவர்களுக்காகச் சொல்லப்படும் இந்த வாக்கியம் ஆண்டுக்கணக்கில் ஏறத்தாழ மாறாமல் வந்திருக்கிறது. நம் பக்கத்துச் செய்தியாளர் சந்திப்புகளில் முன்வரிசைக் கைதட்டலைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வரும்.

கேள்வியை நீங்கள் எழுந்து நின்று கேட்க முடியாது. மேசையில் இருக்கும் சிறிய அட்டையில் எழுதி அனுப்ப வேண்டும். தலைவர் அவற்றைப் பிரித்து, ஒரே பொருளில் உள்ளவற்றைச் சேர்த்து, தம் குரலில் கேட்பார். இதனால் நீண்ட சொற்பொழிவைக் கேள்வியாக வேடமிட்டு நிகழ்த்துவோரிடமிருந்து அவை தப்பித்துவிடுகிறது. மழுப்பலான பதிலுக்கு உடனே துணைக்கேள்வி தொடுக்கும் வாய்ப்பும் கூடவே போய்விடுகிறது. நான் முதன்முதலில் எழுதிய கேள்வி, அட்டையின் முன்புறம் நிறைந்து பின்புறத்துக்கும் ஓடியது. தலைவர் அதை எடுத்துப் பார்த்துவிட்டுக் கட்டின் அடியில் செருகியதை என் இருக்கையிலிருந்தே பார்த்தேன். அடுத்த முறை ஒன்பதே சொற்களில் எழுதினேன், கேட்கப்பட்டது.

கடைசிக் கேள்விக்கு முன் தலைவர் சற்று நிறுத்தி, அடுத்தடுத்து வரவிருக்கும் விருந்தினர்களின் பெயரையும் தேதியையும் அறிவிப்பார். பிறகு மன்றத்தின் முத்திரை பொறித்த ஒரு காப்பிக் கோப்பையைப் பேச்சாளருக்கு அளிப்பார். நாட்டின் அதிபரானாலும் நடிகரானாலும் பரிசு அந்தக் கோப்பைதான். அதன் பின் வரும் கடைசிக் கேள்வி பெரும்பாலும் சிரிப்புக்கானது. சுத்தியல் ஓசையுடன் கூட்டம் கலையும்.

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு பெண் செய்தியாளர்: அங்கே பெண்களுக்குத் தொடக்கம் முதலே இடம் இருந்ததா?

இல்லை. ஆண்கள் மட்டுமே உறுப்பினர்களாக இருந்ததால், 1919ஆம் ஆண்டு பெண்கள் தங்களுக்கெனத் தனி மன்றம் அமைத்துக்கொண்டார்கள். விருந்து உரைகளில் செய்தி பிறந்ததால் தொழில் முறையில் இது பெரிய இழப்பு. 1950ஆம் ஆண்டு ஜனவரியில் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் அச்செசன் ஆசியாவில் அமெரிக்காவின் பாதுகாப்பு எல்லையைப் பற்றிப் பேசி, அதில் கொரியாவைச் சேர்க்காமல் விட்டது இந்த மன்றத்தில்தான். சில மாதங்களில் அங்கே போர் மூண்டது.

1955ஆம் ஆண்டு ஒரு "சலுகை" வந்தது. விருந்து மண்டபத்தின் மேல்மாடத்தில் பெண் நிருபர்கள் நின்றுகொண்டு குறிப்பெடுக்கலாம் என்றார்கள். உட்கார இடமில்லை, உணவு இல்லை, கேள்வி கேட்கும் உரிமையும் இல்லை. கீழே ஆண்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்க, கேமராக்களுக்கும் விளக்குகளின் சூட்டுக்கும் நடுவே நெருக்கியடித்து நின்று எழுதினார்கள். அதே 1955இல்தான் முதல் கறுப்பின உறுப்பினராக லூயி லாட்டியர் சேர்க்கப்பட்டார் என்பதையும் சொல்ல வேண்டும். 1959ஆம் ஆண்டு சோவியத் தலைவர் குருஷேவ் வந்த ஒரு நாள் மட்டும் பெண்களுக்குக் கீழே நாற்காலி கிடைத்தது, மறுபடியும் மாடம்தான். 1963ஆம் ஆண்டு ஆகஸ்டில், கறுப்பின மக்களின் உரிமைக்கான வாஷிங்டன் பேரணிக்கு இரண்டு நாள் முன்பு, அதன் தலைவர் பிலிப் ராண்டால்ஃப் இங்கே பேச ஒப்புக்கொண்டபோது, பாகுபாட்டை எதிர்ப்பவர் பெண்களை மாடத்தில் நிறுத்தும் மன்றத்தில் பேசலாமா என்று பெண்கள் கேட்டார்கள். அவர் பேசினார். 1971ஆம் ஆண்டு ஜனவரியில்தான் வாக்கெடுப்பு நடத்தி, 227க்கு 56 என்ற கணக்கில் கதவைத் திறந்தார்கள். பெண்கள் தொடங்கிய அமைப்பு 1985ஆம் ஆண்டு இதனுடன் இணைந்தது.

சிங்கப்பூரிலிருந்து ஒரு வாசகர்: ஓராண்டில் என்னென்ன நிகழ்ச்சிகளை எதிர்பார்க்கலாம்?

டிசம்பரில் உறுப்பினர்கள் வாக்களித்துப் புதிய நிர்வாகிகளைத் தேர்ந்தெடுப்பார்கள். தலைவரின் பதவிக்காலம் ஓராண்டுதான், பதவியேற்பு விழா ஜனவரியில் நடக்கும். விருந்தில்லாமல் செய்தியாளர் சந்திப்பாக மட்டும் நடக்கும் நிகழ்ச்சிகளும், எழுத்தாளர்களின் புத்தக நிகழ்வுகளும், இளம் செய்தியாளர்களுக்கான பயிற்சிகளும் இடையிடையே வரும். வாழ்நாள் பணிக்கான ஃபோர்த் எஸ்டேட் விருது 1973ஆம் ஆண்டு முதல் வழங்கப்படுகிறது. முதலில் பெற்றவர் தொலைக்காட்சிச் செய்தியாளர் வால்ட்டர் கிரான்கைட். வெள்ளிக்கிழமை மாலை டாக்கோ என்ற மெக்சிகோ உணவைச் சாப்பிட உறுப்பினர்கள் கூடும் வழக்கமும் உண்டு. எனக்குக் கிடைத்த நல்ல செய்திகளில் சில, அந்த வரிசையில் தட்டுடன் நின்றபோது காதில் விழுந்தவை.

நியூ ஜெர்சியிலிருந்து ஒருவர்: நான் மக்கள் தொடர்புத் துறையில் இருக்கிறேன். உறுப்பினராகலாமா?

ஆகலாம், தகவல் தொடர்புத் துறையினருக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. பொதுமக்களுக்குத் திறந்திருக்கும் நிகழ்ச்சிகளுக்கு உறுப்பினராகாமலே சீட்டு வாங்கிக்கொண்டு வரலாம். அங்கே கைதட்டவும் உங்களுக்கு உரிமை உண்டு.

கோயம்புத்தூரிலிருந்து ஒரு வாசகர்: சிறைப்பட்ட செய்தியாளர்களுக்காக மன்றம் குரல் கொடுக்கிறது. செய்தி சேகரிப்பவர்கள் போராட்டக்காரர்களாகலாமா?

தேர்தலிலும் கட்சிச் சண்டையிலும் மன்றம் பக்கம் சாய்ந்தால் நானே எதிர்ப்பேன். ஆனால் நலிந்த உறுப்பினருக்கு உதவுவது என்ற 1908ஆம் ஆண்டின் நோக்கத்தைச் சற்று நீட்டினால் இந்தப் பணிக்குத்தான் வந்து சேரும் என்பது என் எண்ணம். 2012ஆம் ஆண்டு ஆகஸ்டில் டமாஸ்கஸ் அருகே காணாமல் போன அமெரிக்கச் செய்தியாளர் ஆஸ்டின் டைஸுக்காக ஆண்டுதோறும் கூட்டங்கள் நடத்தினார்கள். மெக்சிகோவிலிருந்து தஞ்சம் தேடி வந்த செய்தியாளர் எமிலியோ குட்டியரெஸ் சோட்டோ 2017ஆம் ஆண்டு இதே மன்றத்தின் பத்திரிகைச் சுதந்திர விருதைப் பெற்றார். அதே டிசம்பரில் அமெரிக்கக் குடிவரவுத் துறை அவரைத் தடுப்புக்காவலில் வைத்தது. விருது கொடுத்தவர்கள் அப்போது வாய்மூடி இருந்திருந்தால் அந்த விருதுக்கு என்ன பொருள்? மன்றத்தார் விடாமல் குரல் கொடுத்தார்கள். 2018ஆம் ஆண்டு ஜூலையில் அவர் வெளியே வந்தார்.

திருச்சியிலிருந்து ஓர் ஆசிரியர்: வாஷிங்டன் வர இயலாதவர்கள் பழைய உரைகளைக் கேட்க வழி உண்டா?

உண்டு. 1954 முதல் 1989 வரையிலான விருந்து உரைகளின் ஒலிப்பதிவுகள் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. அவற்றில் சிலவற்றை நூலகத்தின் இணையதளத்திலேயே கேட்கலாம். மாணவர்களுக்குப் போட்டுக்காட்டுவதாக இருந்தால், உரையைப் பாதியில் நிறுத்திவிட்டுக் கேள்வி நேரத்துக்குத் தாவுங்கள். எழுதி வைத்ததைப் படித்து முடித்த பேச்சாளர், அட்டையிலிருந்து வரும் முதல் கேள்விக்கு விடை தொடங்கும் முன் எடுத்துக்கொள்ளும் இடைவெளியை அவர்கள் கவனிக்கட்டும்.