வில் பிடிக்கும் கை நடுங்குகிறது

கேள்வி: வணக்கம். ஒரு சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவில் பல வருடங்களாக இரண்டாம் வயலின் வாசிக்கிறேன். புதிதாக வந்திருக்கும் கண்டக்டர், அதாவது இசைக்குழுவை நடத்துபவர், ஒத்திகையை நடுவில் நிறுத்தி, "நீங்கள் மட்டும் வாசியுங்கள்" என்று எல்லோர் முன்னாலும் சொல்கிறார். வாசித்தால் உதட்டைப் பிதுக்குகிறார், மறுபடி வாசிக்கச் சொல்கிறார். பக்கத்தில் இருப்பவர்கள் தலை நிமிராமல் நோட்டையே பார்த்துக்கொண்டிருப்பது இன்னும் வலிக்கிறது. நிர்வாகத்திடம் சொன்னேன். அவர் வந்த பிறகுதான் அரங்கு நிறைகிறது, அனுசரித்துப் போங்கள் என்றார்கள். இப்போது ஒத்திகை நாளில் காலையிலேயே கை நடுங்குகிறது. ராஜினாமா செய்துவிடலாமா?

பதில்: அன்புள்ள தோழிக்கு, ராஜினாமா இப்போது வேண்டாம். முதலில் அந்த நடுக்கம். பயத்தில் ஊறும் அட்ரினலின் என்ற ஹார்மோன்தான் கையை நடுங்க வைக்கிறது, வில்லை மெதுவாக நீளமாக இழுக்கும்போதுதான் அது அதிகம் தெரியும், இது திறமைக் குறைவு இல்லை. சக கலைஞர்கள் யாராவது நடுக்கத்தை அடக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை நீட்டினால் வாங்காதீர்கள், ஆஸ்துமா இருப்பவர்களுக்கு அது ஆபத்து. டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் பிரிவின் வாசிப்பைத் திருத்துவது கண்டக்டரின் வேலை, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் பிரிவில் ஒருவரிடம் குறை இருந்தால் பிரிவுத் தலைவர் வழியாகச் சொல்வதுதான் பல ஆர்க்கெஸ்ட்ராக்களில் வழக்கம். எல்லோர் முன்னாலும் தனியாக வாசிக்க வைத்து உதட்டைப் பிதுக்குவது அவமானப்படுத்துவது, அதை நீங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

நீங்கள் தனியாகப் போனதால்தான் நிர்வாகத்தால் அவ்வளவு சுலபமாக அனுப்பிவிட முடிந்தது. 1882-ல் பென்யமின் பில்ஸே என்ற கண்டக்டர் தன் கலைஞர்களை வார்சாவுக்கு நாலாம் வகுப்பு ரயிலில் போகச் சொன்னபோது, 54 பேர் சேர்ந்து விலகி ஆரம்பித்ததுதான் பெர்லின் பில்ஹார்மோனிக் ஆர்க்கெஸ்ட்ரா. தலைமை கண்டக்டரை அங்கே இன்றும் கலைஞர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். உங்களையும் அப்படி விலகச் சொல்லவில்லை, ஆனால் ஆள் சேருங்கள். நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களும் அடுத்தது நாமோ என்ற பயத்தில்தான் இருந்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரே ஸ்டாண்டில் உங்களோடு வாசிப்பவரிடம் முதலில் பேசுங்கள், அப்புறம் பிரிவுத் தலைவரிடம். எந்த ஒத்திகை, எந்தப் பகுதி, என்ன சொன்னார் என்று அன்றன்றே குறித்து வையுங்கள், கலைஞர் குழு அல்லது சங்கம் இருந்தால் எழுத்தில் கொடுங்கள்.

அவர்களும் அனுசரிக்கச் சொன்னால், வேறு ஆர்க்கெஸ்ட்ராவின் ஆடிஷனுக்குத் தயாராகுங்கள். முதல் சுற்றில் பெரும்பாலும் திரைக்குப் பின்னால்தான் வாசிப்பீர்கள், யார் வாசிக்கிறார் என்றே அங்கே தெரியாது. ராஜினாமா கடிதத்தை அங்கே இடம் உறுதியான பிறகு எழுதிக்கொள்ளலாம்.