பழைய ஆர்கேடுக்குப் பிள்ளைகளோடு போகலாமா? கேள்வி பதில்

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில், லக்கோனியாவில் இருக்கிறது ஃபன்ஸ்பாட். 1952 முதல் நடக்கும் விளையாட்டுக்கூடம். அதற்குள்ளேயே பழைய ஆர்கேட் எந்திரங்களுக்கென்று, அதாவது காசு போட்டு ஆடும் வீடியோ கேம் எந்திரங்களுக்கென்று, ஓர் அருங்காட்சியகம். டோக்கன் போட்டு ஆடவும் செய்யலாம். பிள்ளைகளோடு பல முறை போனவன் என்பதால் வந்த கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறேன்.

அண்ணா, பாஸ்டனிலிருந்து கிளம்புகிறோம். பையனுக்கு 5 வயது, பெண்ணுக்கு 10. எதில் தொடங்கலாம்?

பையனுக்கு பாக்-மேன். 1980-இல் வந்த ஆட்டம். பேய்களிடம் சிக்காமல் புதிர்ப்பாதையில் புள்ளிகளைத் தின்றபடி ஓட வேண்டும். திசை திருப்ப ஒரே ஒரு ஜாய்ஸ்டிக் (கைப்பிடி), ஆடும்போது அழுத்த வேண்டிய பட்டனே இல்லை. பெண்ணை ஆஸ்டிராய்ட்ஸ் முன்னால் நிறுத்துங்கள், விண்கலத்திலிருந்து பாறைகளைச் சுடும் ஆட்டம். அதில் ஜாய்ஸ்டிக் கிடையாது, ஐந்து பட்டன்கள். முதலில் குழம்புவாள், பத்து நிமிடத்தில் கை பழகிவிடும்.

இரண்டே நிமிடத்தில் தோற்றுவிட்டு அழுகிறான். என்ன செய்வது?

அவன் மேல் தப்பில்லை. காசு போட்டவர் சீக்கிரம் தோற்று அடுத்தவருக்கு இடம் விட வேண்டும் என்றுதான் இவற்றைச் செய்தார்கள். இதை அவனிடமே சொல்லுங்கள், பிள்ளைகளுக்குப் புரியும். எந்திரத்துக்கு எந்திரம் ஓட விடாதீர்கள். ஒன்றிலேயே ஐந்தாறு முறை ஆடட்டும், நீங்களும் மாறி மாறி ஆடுங்கள். அப்பா தோற்பதைப் பார்த்தாலே பாதி அழுகை நின்றுவிடும்.

வேற்றுக்கிரக எதிரிகளைச் சுடும் ஸ்பேஸ் இன்வேடர்ஸில் கடைசி எதிரி மட்டும் ஏன் அவ்வளவு வேகம்? என் மகள் கேட்கிறாள்.

நல்ல கேள்வி, அவளுக்கு என் பாராட்டு! 1978-இல் டொமோஹிரோ நிஷிகாடோ இதை உருவாக்கியபோது கிடைத்த கணினிச் சில்லு மெதுவானது. திரை நிறைய எதிரிகள் இருந்தால் எல்லாவற்றையும் வரைந்து முடிக்க நேரம் பிடிக்கும். சுடச் சுட வேலை குறையும், மிச்சம் இருப்பவை வேகமெடுக்கும். அதனால் ஆட்டம் விறுவிறுப்பாவதைக் கண்டு, அவர் அப்படியே விட்டுவிட்டார். மகளை நின்று கவனிக்கச் சொல்லுங்கள், எதிரிகள் குறையக் குறைய வேகம் ஏறுவது கண்ணுக்கே தெரியும்.

பாக்-மேனில் பேய்கள் குருட்டாம்போக்கில்தானே திரிகின்றன?

இல்லவே இல்லை. சிவப்புப் பேய் நேராகத் துரத்தும். இளஞ்சிவப்புப் பேய் நமக்கு நாலு கட்டம் முன்னால் போய் மறிக்கப் பார்க்கும். ஆரஞ்சுப் பேய் கிட்டே வந்ததும் விலகி ஓடும். இது தெரிந்தபின் பிள்ளைகள் ஆடும் விதமே மாறிவிடும். 256-ஆவது திரையில், எத்தனையாவது திரை என்று எந்திரம் வைத்திருக்கும் எண்ணிக்கை நிரம்பி வழிந்து பாதித் திரை சிதறிவிடுவதால், எடுக்கக்கூடிய மதிப்பெண்ணுக்கும் ஓர் எல்லை உண்டு: 33,33,360. பில்லி மிட்செல் என்ற அமெரிக்க ஆட்டக்காரர் 1999-இல் அதை எட்டியது இதே ஃபன்ஸ்பாட்டில்தான்.

செலவு கைமீறிப் போகுமா?

உள்ளே போகக் கட்டணம் இல்லை. ஆளுக்கொரு கப்பில் டோக்கனை எண்ணிப் போட்டுக் கொடுத்துவிடுங்கள், தீர்ந்தால் தீர்ந்ததுதான்.

சத்தமும் வெளிச்சமும் குழந்தைக்கு ஒத்துக்கொள்ளுமா?

மினுங்கும் வெளிச்சத்தால் வலிப்பு வந்த குழந்தை என்றால் மருத்துவரைக் கேட்காமல் கூட்டிப்போக வேண்டாம். மற்றவர்கள் நடுநடுவே வெளியே போய்க் காற்று வாங்கினால் போதும்.

இதெல்லாம் போனிலேயே கிடைக்கிறதே, இதற்காக இவ்வளவு தூரம் காரில் போக வேண்டுமா?

போங்கள். ஆஸ்டிராய்ட்ஸ் திரையில் படம் புள்ளி புள்ளியாக வருவதில்லை. பழைய டிவியில் இருப்பது போன்ற படக்குழாயின் கதிரே கோடு இழுக்கிறது. குண்டு பறக்கும்போது வரும் அந்தப் பளீர் வெள்ளையை எந்த போனிலும் நான் பார்த்ததில்லை. பல வருடம் ஒரே படம் ஓடிய பழைய படக்குழாய்களில் அந்தப் படமே தழும்பாகப் பதிந்துவிடும். எங்காவது அணைந்து கிடக்கும் பாக்-மேன் கண்ணில் பட்டால் பிள்ளையைத் தூக்கிப் பக்கவாட்டிலிருந்து காட்டுங்கள், கருந்திரையில் புதிர்ப்பாதை மங்கலாகத் தெரியலாம்.